பிள்ளையோட முதல் சயின்ஸ் எக்ஸ்பெரிமென்ட்: நாங்க மாட்டின இடத்துல நீங்க மாட்டாம இருக்க

மூணு வருஷம், மூணு ப்ராஜெக்ட். முதல் வருஷம் எரிமலை. களிமண்ல மலை செஞ்சு, உள்ள சோடா மாவு போட்டு, வினிகர் ஊத்தி, சிவப்பா பொங்கி மேஜையெல்லாம் வழிஞ்சுது, எல்லாரும் கை தட்டினாங்க. அப்புறம் பார்க்க வந்த ஒரு டீச்சர் என் பொண்ணுகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, "இதுல நீ என்னம்மா தெரிஞ்சுக்கணும்னு நினைச்ச?" அவ என் மூஞ்சியைப் பார்த்தா, நான் எரிமலையைப் பார்த்தேன். ரெண்டாவது வருஷம் செடி. நடுவுல ரெண்டு நாள் வீட்ல யாரும் இல்லாததுல பாதி காஞ்சு போச்சு, மீதிக்கு எவ்ளோ தண்ணி ஊத்தினோம்னு எங்கயும் எழுதி வைக்கல. மூணாவது வருஷம் நூல்ல கனத்தைக் கட்டி ஆட விடுற ஊசல். ஒரு நூல், நாலு வாஷர் (நட்டு போல்ட்டுல போடுற இரும்பு வளையம்), ஒரு ஃபோன், அது தான் உருப்படியா வந்துச்சு.

8 வயசுல இருந்து 13 வயசு வரைக்கும் இருக்குற பிள்ளைங்க, அவங்க பக்கத்துல உக்காரப் போற அப்பா அம்மா, முதல் தடவை இதைக் கையில எடுக்குற டீச்சருங்க, இவங்களுக்காகத் தான் இதை எழுதுறேன். நான் சயின்ஸ் படிச்சவன் இல்ல, அதனால எங்க வழுக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும்.

1. முதல்ல காலண்டர், அப்புறம் தான் கேள்வி

எல்லாரும் தலைகீழா பண்றாங்க. நல்ல ஐடியா ஒன்னு பிடிச்சுட்டு, அப்புறம் பார்த்தா கையில ஒன்பது நாள் தான் இருக்கும், செடி முளைக்கவே ஒரு வாரம் போயிடும். ஒப்படைக்க வேண்டிய தேதியில இருந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வாங்க. சார்ட் எழுத, படம் ஒட்ட நாலு நாள், கிராஃப் போட்டு யோசிக்க ரெண்டு நாள், அதைக் கழிச்சு மிச்சம் இருக்குறது தான் சோதனைக்கான நேரம். அதையும் பாதியா வெட்டுங்க, ஏன்னா முதல் தடவை கண்டிப்பா ஏதோ ஒன்னு சொதப்பும், ரெண்டாவது தடவைக்கு நாள் வேணும்.

தோராயமா சொல்றேன். ஊஞ்சல் மாதிரி ஆடுற ஊசல், பேப்பர் ஹெலிகாப்டர், பந்து எவ்ளோ உயரம் எம்புது, இதெல்லாம் ஒரே மதியத்துல முடியும். ஐஸ் உருகுறது, சர்க்கரை கரையுறது ஒரு சாயங்காலம். விதை முளைக்கறது விதையைப் பொறுத்து ரெண்டு நாள்ல இருந்து பத்து நாள், ஆனா செடி வளர்றதை அளக்கணும்னா மூணு வாரமாவது வேணும். பூஞ்சை வர்றதுக்கு ஒரு வாரத்துக்கு மேல விடணும். முதல் தடவைன்னா ஒரு மதியத்துல முடியுறதையே எடுங்க, தப்பு நடந்தா அப்பவே திரும்ப பண்ணிடலாம்.

2. கேள்வியைப் பிடிக்கிறது

பாதி வேலை இங்க தான் இருக்கு, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

பிள்ளைங்க கேக்குற கேள்வி எல்லாம் "ஏன்"ல ஆரம்பிக்கும். ஏன் ஐஸ் மிதக்குது, ஏன் செடி வெளிச்சத்து பக்கம் சாயுது. நல்ல கேள்விங்க தான், ஆனா சோதனை பண்ண முடியாது, புக்கைத் தான் தேடணும். அதை "இதை மாத்தினா அது எவ்ளோ மாறும்"னு திருப்பணும். "ஏன் ஊசல் ஆடுது"ங்கறதை "நூலோட நீளத்தைக் கூட்டினா ஒரு தடவை போய் வர்ற நேரம் எவ்ளோ கூடும்"னு மாத்தினா கையில பிடிக்கிற அளவுக்கு வந்துரும். எரிமலையைக் கூட காப்பாத்தலாம், "வினிகர் அளவை மாத்தாம சோடா மாவை மட்டும் கூட்டிக்கிட்டே போனா பலூன் எவ்ளோ பெருசா ஊதும், ஒரு அளவுக்கு மேல ஊதறது நிக்குமா"னு கேட்டா அது எக்ஸ்பெரிமென்ட். நிக்கும், ஏன்னா வினிகர் தீர்ந்து போயிரும். சும்மா பொங்க வச்சா அது வேடிக்கை காட்டுறது, அவ்வளவு தான்.

கேள்வியே வரலைன்னா பிள்ளையை ஒரு பொருள் முன்னாடி பத்து நிமிஷம் உக்கார வைங்க. ஒரு கண்ணாடி டம்ளர்ல ஐஸ் தண்ணி போதும். பார்க்கறதை எல்லாம் எழுதச் சொல்லுங்க. இங்கயே ஒரு முக்கியமான பயிற்சி ஒளிஞ்சிருக்கு. என் பொண்ணு "டம்ளர் ஒழுகுது"னு எழுதினா. அவ பார்த்தது டம்ளருக்கு வெளிய தண்ணித் துளி இருக்குறதை மட்டும் தான், ஒழுகுதுங்கறது அவளா நினைச்சுக்கிட்டது. பார்த்தது ஒரு பக்கம், நினைச்சது ஒரு பக்கம்னு நடுவுல கோடு போட்டு எழுதப் பழக்குங்க. அப்புறம் அவளே தண்ணில கலர் மை கலந்து வச்சுப் பார்த்தா, வெளிய வந்த துளில கலரே இல்ல, அப்ப அது உள்ள இருந்து வரல, காத்துல இருந்த ஈரம் தான் குளிர்ந்து படிஞ்சிருக்கு. நான் எதுவும் சொல்லிக் குடுக்கல, அது தான் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு.

கேள்வி கிடைச்சதும் மூணு விஷயம் கேட்டுப் பாருங்க. நான் மாத்தப் போறது ஒரே ஒரு பொருளா? வர்ற பதிலை நம்பரா அளக்க முடியுமா? அளக்கற கருவி கையில இருக்கா? மூணுல ஒன்னுக்கு "இல்ல"ன்னாலும் கேள்வியைக் கொஞ்சம் திருத்துங்க. "பாட்டு கேட்டா செடிக்கு சந்தோஷமா இருக்குமா"ங்கறது ரெண்டாவதுலயே அடிபட்டுப் போயிரும். சந்தோஷத்தை எந்த ஸ்கேல்ல அளக்கறது?

3. நோட்டு, அனுமதி, பேப்பர் சமாச்சாரம்

ஒரு தைச்ச நோட்டு வாங்குங்க. உதிரித் தாள் வேண்டாம், காணாமப் போகும், ஸ்பைரல்ல பக்கத்தைக் கிழிச்சிருவாங்க. பேனால தான் எழுதணும், பென்சில் வேண்டாம். தப்பா எழுதிட்டா ஒரே ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு பக்கத்துல சரியானதை எழுதணும், வொயிட்னர் கூடவே கூடாது, ஏன்னா நீங்க தப்புன்னு அடிச்ச நம்பர் தான் நாலு நாள் கழிச்சு சரின்னு தெரிய வரும், எங்களுக்கு வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம். ரூம் சூடா இருந்துச்சா, ஃபேன் ஓடுச்சா, யாரு ஸ்டாப்வாட்ச் பிடிச்சாங்க, எல்லாத்தையும் எழுதுங்க, அப்ப அது கிறுக்குத்தனமா தான் தெரியும்.

அழகா இருக்கணும்னு அவசியமே இல்ல. எல்லாத்தையும் உதிரித் தாள்ல எழுதிட்டு கடைசி நாள் புது நோட்டுல அழகா காப்பி பண்றது தான் பெரிய பொறி. காப்பி பண்ணும்போது நம்பர் மாறும், மனசு அறியாம கொஞ்சம் "சரி"யும் பண்ணுவோம். டீ கறை பட்ட ஒரிஜினல் நோட்டுக்குத் தான் மதிப்பு.

அனுமதி விஷயம். ஸ்கூல் குடுத்த விதிமுறைத் தாள் ஒன்னு இருக்கும், அதை முழுசா படிங்க, போர்டு சைஸ், நெருப்பு அனுமதி உண்டா, தண்ணி வைக்கலாமா, கரண்ட் பாயின்ட் கிடைக்குமா எல்லாம் அதுல தான் இருக்கும். மனுஷங்களை வச்சு சோதனை பண்ணினா, அது நண்பர்களோட கை வேகத்தை ஸ்கேல் போட்டு அளக்கறதா இருந்தா கூட, அவங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட முன்கூட்டியே எழுதி வாங்குங்க, நோட்டுல பேர் போடாம நபர் 1, நபர் 2னு போடுங்க. பிராணிகளை வச்சுப் பண்றதை முதல் தடவை தவிர்த்துருங்க. பிள்ளைங்க பெரிய வகுப்புக்குப் போய் ஐசெஃப் மாதிரி சர்வதேச சயின்ஸ் போட்டிக்குப் போறப்போ மனுஷங்க, விலங்குங்க சம்பந்தப்பட்ட ப்ராஜெக்ட்டுக்கு சோதனை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒப்புதல் வாங்கியிருக்கணும், பாக்டீரியா வளர்க்கறதை வீட்ல பண்ணவே விட மாட்டாங்க. முடிச்சுட்டு கையெழுத்து வாங்கிக்கலாம்ங்கற பழக்கம் சின்ன வயசுலயே வராம இருந்தா நல்லது.

4. கணிப்பை முன்னாடியே எழுதுங்க

கருதுகோள்னு பாடப் புத்தகத்துல வர்றது இது தான். "இப்படி நடக்கும்னு நினைக்கிறேன், ஏன்னா..." அந்த "ஏன்னா" இல்லைன்னா அது குருட்டு அடி. தேதி போட்டு எழுதி முடிச்ச பிறகு அதைத் தொடவே கூடாது, பதில் தெரிஞ்ச பிறகு திருத்தறது பரீட்சை முடிஞ்சதும் விடை எழுதுற மாதிரி.

கணிப்பு தப்பாப் போறது தோல்வின்னு பிள்ளைங்க நினைக்கறாங்க, பெரியவங்களும் தான். இதை உடைக்க ஒரு சோதனை சொல்றேன், பண்ணிப் பாருங்க. ஒரே மாதிரி ரெண்டு டம்ளர், ரெண்டுலயும் 200 மில்லி தண்ணி, ஒன்னுல ரெண்டு பெரிய ஸ்பூன் உப்பு போட்டு முழுசா கரைச்சுருங்க, ரெண்டும் ரூம் சூட்டுக்கு வர்ற வரைக்கும் விடுங்க. ஒரே ட்ரேல உறைஞ்ச ரெண்டு ஐஸ் கட்டியை ஒரே நேரத்துல ஆளுக்கு ஒன்னா போடுங்க, கலக்காதீங்க. எது முதல்ல உருகும்? கேட்ட எல்லாரும் உப்புத் தண்ணின்னு தான் சொல்வாங்க, நானும் சொன்னேன். ஐஸ் மேல உப்பைத் தூவினா சீக்கிரம் உருகும், அது உண்மை, அதனால வர்ற நினைப்பு தான். ஆனா டம்ளர்ல சாதா தண்ணில இருக்குறது தான் முதல்ல கரைஞ்சு போகும். ரெண்டு ஐஸ் மேலயும் ஒரு சொட்டு கலர் விட்டா காரணம் கண்ணுக்கே தெரியும். சாதா தண்ணில உருகின குளிர்ந்த தண்ணி கனமா இருக்குறதால கீழ இறங்கி ஓடுது, கதகதப்பான தண்ணி மேல வந்து ஐஸைத் தொடுது. உப்புத் தண்ணி அதை விடக் கனம், அதனால உருகின தண்ணி கீழ இறங்காம ஐஸைச் சுத்தி மேலயே போர்வை மாதிரி நிக்குது. கணிப்பு தப்பாப் போனதால தான் கலர் விட்டுப் பார்க்கணும்னு தோணுச்சு, சரியா வந்திருந்தா நோட்டை மூடிட்டு போயிருப்போம்.

5. ஒன்னே ஒன்னு மட்டும் மாறணும்

மாத்துறது ஒன்னு, அளக்கறது ஒன்னு, மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும். சொல்றது சுலபம். பாடத்துல சாரா மாறி, சார்ந்த மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறின்னு வரும், சின்னப் பிள்ளைகிட்ட அந்தப் பேரை முதல் நாளே சொல்லி பயமுறுத்தாதீங்க.

நமக்குத் தெரியாமலே ரெண்டாவது ஒன்னும் சேர்ந்து மாறிடறது தான் சிக்கல். எங்க ஊசல் கதையைக் கேளுங்க. கனம் கூடினா நேரம் மாறுமான்னு பார்க்க, ஒரு வாஷரைக் கட்டி அளந்தோம், அப்புறம் அதுக்குக் கீழ இன்னொன்னு, அதுக்குக் கீழ இன்னொன்னுன்னு சங்கிலி மாதிரி தொங்க விட்டோம். கனம் கூடக் கூட மெதுவா ஆடுது! பொண்ணு துள்ளிக் குதிச்சா. உண்மையில ஒவ்வொரு வாஷர் சேர்க்கும்போதும் கனத்தோட நடுப்பகுதி கீழ இறங்கிக்கிட்டே போச்சு, அதாவது ஊசலோட நீளம் கூடிக்கிட்டே போச்சு, நாங்க அளந்தது நீளத்தோட வேலையை. எல்லா வாஷரையும் ஒரே கொக்கில சேர்த்து மாட்டினதும் அந்த வித்தியாசம் காணாமப் போச்சு. நீளத்தை அளக்கும்போதும் நூல் முடியுற இடம் வரைக்கும் அளக்காதீங்க, மேல தொங்குற புள்ளில இருந்து கனத்தோட நடு வரைக்கும் அளக்கணும்.

செடில இது இன்னும் மோசம். "வெளிச்சம் வேணுமா"ன்னு பார்க்க ஒரு தொட்டியை ஜன்னல்ல, இன்னொன்னை அலமாரிக்குள்ள வைப்பாங்க. ஜன்னல்ல வெளிச்சம் மட்டுமா இருக்கு? சூடு, காத்து, மண்ணு காயுற வேகம் எல்லாமே வேற. ரெண்டையும் ஜன்னல் பக்கத்துலயே வச்சு, ஒன்னை மட்டும் காத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியால மூடலாம், நேர் வெயில் விழாத ஜன்னலா இருந்தா பெட்டி உள்ள சூடேறாம இருக்கும். தண்ணியை "கொஞ்சம்"னு ஊத்தக் கூடாது, ஊசி இல்லாத சிரிஞ்சால 10 மில்லி, ரெண்டுக்கும், ஒரே நேரத்துல. ஒரு தொட்டிக்கு ஒரு விதை போட்டீங்கன்னா அது சொத்தை விதையா இருந்தாலே கதை முடிஞ்சுது, பத்து விதையாவது போடுங்க.

இன்னொரு பொறி, எனக்கு ரொம்பப் பிடிச்சது. இருட்டுல வச்ச நாத்து வெளிச்சத்துல வச்சதை விட உயரமா வளரும். உயரத்தை மட்டும் அளந்த பிள்ளை "செடிக்கு இருட்டு தான் நல்லது"னு எழுதும், நம்பரும் அதைத் தான் சொல்லும். ஆனா அந்தச் செடி வெளுத்து மஞ்சளா, தண்டு மெலிஞ்சு, இலை விரியாம, வெளிச்சத்தைத் தேடி இருக்குற சக்தியெல்லாம் செலவழிச்சு நீண்டிருக்கும். "நல்லா வளர்றது"ன்னா என்ன, உயரமா, இலை எண்ணிக்கையா, தண்டோட தடிப்பா, நிறமா? எதை அளக்கப் போறோம்ங்கறதை முன்னாடியே எழுதி வைக்கணும், உயரத்தோட இன்னும் ஒன்னையாவது சேர்த்து அளக்கணும்.

6. சாமான், செலவு

ரொம்ப சொல்ல ஒன்னும் இல்ல. ஸ்கேல், ஃபோன்ல இருக்குற ஸ்டாப்வாட்ச், அளவுக் கோடு போட்ட கப், நூல், பேப்பர், டம்ளர், இது போதும். காசு போட்டு வாங்கறதா இருந்தா கிராம்ல காட்டுற சின்ன எடை மெஷின் ஒன்னு, பாதரசம் இல்லாத தெர்மாமீட்டர் ஒன்னு, ரெண்டும் பல வருஷம் உழைக்கும். ரெடிமேட் கிட் வாங்காதீங்க, அதுல பதிலும் பெட்டிக்குள்ளயே இருக்கும். சார்ட்டுக்கும் பளபள பேப்பருக்கும் தான் நிறைய பேர் அதிகமா செலவழிக்கறாங்க, அந்தக் காசுல விதை ரெண்டு மடங்கா வாங்கி சோதனையைத் திரும்ப ஒரு தடவை பண்ணலாம்.

7. ஆபத்து

பாத்ரூம் கழுவுற பிளீச்சை வினிகர் மாதிரி அமிலத்தோடயோ அமோனியா கலந்த கிளீனரோடயோ சேர்க்கவே கூடாது, விஷ வாயு வரும். சும்மா கலந்து பார்க்கலாம்ங்கற விளையாட்டே வேண்டாம். சோடா மாவு, வினிகர் கலந்த பாட்டிலை இறுக்கி மூடாதீங்க, வெடிக்கும். கரண்ட் சோதனைன்னா 1.5 வோல்ட் பேட்டரியோட நிறுத்திக்கோங்க, சுவத்து பிளக் பக்கமே போகக் கூடாது, பட்டன் பேட்டரி சின்னக் குழந்தை இருக்குற வீட்ல வேண்டாம், முழுங்கிட்டா உயிருக்கே ஆபத்து. பூஞ்சை வளர்த்தா மூடி டேப் ஒட்டின கவருக்குள்ளயே வச்சுப் பார்த்துட்டு திறக்காம அப்படியே தூக்கிப் போடுங்க. நெருப்பு, சுடுதண்ணி ரெண்டும் பெரியவங்க கையில. சோதனைக்கு எடுத்த எதையும் வாயில வைக்கக் கூடாது, சர்க்கரையா இருந்தாலும்.

8. ஒத்திகை, அப்புறம் அளக்கறது

முதல்ல ஒரு தடவை கணக்குல சேர்க்காம பண்ணிப் பாருங்க. நூல் வழுக்குதா, டம்ளர் சாயுதா, ஒருத்தரால முடியுமா ரெண்டு பேர் வேணுமான்னு அப்ப தான் தெரியும்.

இப்ப அளக்கற வித்தை. ஃபோன் ஸ்டாப்வாட்ச் 1.43னு புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கம் காட்டும், அதை நம்பி ஏமாறாதீங்க. கண்ணு பார்த்து விரல் அழுத்தறதுக்கு சராசரியா 0.2 செகண்ட் ஆகும், அது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். சந்தேகம்னா ஒரு 30 சென்டிமீட்டர் ஸ்கேலை நட்டக்குத்தலா பிடிச்சு, கீழ பிள்ளையோட விரலை ஜீரோகிட்ட திறந்து வைக்கச் சொல்லி, சொல்லாம விடுங்க. 20 சென்டிமீட்டர் கிட்ட பிடிச்சா அது தான் 0.2 செகண்ட். அப்ப ஒரு தடவை ஆடுறதை அளந்தா 1.4 செகண்ட்ல 0.2 தப்பு, ரொம்பப் பெருசு. பத்து தடவை ஆடுறதை மொத்தமா அளந்து பத்தால வகுத்தா அந்தத் தப்பும் பத்தால வகுபடும். இந்த ஒரு தந்திரம் தெரிஞ்ச பிறகு எங்க நம்பரெல்லாம் ஒழுங்குக்கு வந்துச்சு.

எண்ணுறதுலயும் ஒன்னு இருக்கு. விடும்போதே "ஒன்னு"னு ஆரம்பிப்பாங்க, பத்துன்னு சொல்லும்போது ஆடினது ஒன்பது தடவை தான். விடும்போது "ஜீரோ"னு சொல்லணும். 50 சென்டிமீட்டர் ஊசல் பத்து தடவை ஆட 14.2 செகண்ட் வரணும், எங்களுக்கு 12.8 வந்துக்கிட்டே இருந்துச்சு, ரெண்டு சாயங்காலம் நூலைக் குறை சொல்லிட்டு இருந்தோம். ஒரே தப்பை ஒரே மாதிரி பத்து தடவை பண்ணினா நம்பரெல்லாம் அழகா ஒத்துப் போகும், ஆனா எல்லாமே தப்பா இருக்கும்.

தண்ணியை அளக்கும்போது கப்பை மேஜை மேல வச்சு கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டு போங்க, கையில தூக்கிப் பார்த்தா சாயும். விளிம்புல தண்ணி ஏறி வளைஞ்சு இருக்கும், நடுவுல இருக்குற அடி மட்டத்தைத் தான் படிக்கணும். ஸ்கேல்ல விளிம்பும் ஜீரோவும் ஒன்னு இல்ல, நிறைய ஸ்கேல்ல கொஞ்சம் உள்ள தள்ளி தான் ஜீரோ ஆரம்பிக்கும். தெர்மாமீட்டர் நம்பர் ஓடுறது நிக்கற வரைக்கும் பொறுங்க, அது பாத்திரத்தோட அடியைத் தொடக் கூடாது. எடை மெஷின்ல காலி கப்பை வச்சு ஜீரோ ஆக்கிட்டு அப்புறம் போடுங்க.

எத்தனை தடவை? குறைஞ்சது மூணு, நேரம் இருந்தா அஞ்சு. 14.1, 14.3, 14.2னு வந்தா நிம்மதி. 14.1, 14.3, 17.9னு வந்தா அந்த 17.9ஐ சத்தம் போடாம தூக்கிப் போடற ஆசை வரும், வேண்டாம். நோட்டுல அது இருக்கட்டும், பக்கத்துல "நூல் நாற்காலில இடிச்சுது"ன்னு காரணம் தெரிஞ்சா எழுதி சராசரில சேர்க்காம விடலாம், காரணம் தெரியலைன்னா இன்னும் ரெண்டு மூணு தடவை அளந்து பாருங்க. பிடிக்காத நம்பரை மட்டும் தூக்கினா மிச்சம் இருக்குறது நம்ம ஆசை தான்.

இங்க பெரியவங்களுக்கு ஒரு வார்த்தை. உங்க கை அரிக்கும். பிள்ளை நூலைக் கோணலாக் கட்டும், நேரம் தப்பா எடுக்கும், நீங்க பிடுங்கி சரி பண்ணத் துடிப்பீங்க. கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. "போன தடவையும் இப்படித் தான் கட்டினியா?"ன்னு கேக்கறதோட நிறுத்துங்க.

9. அட்டவணையும் கிராஃபும்

சோதனை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே காலிக் கட்டம் போட்டு வச்சிருங்க. முதல் வரிசைல மாத்தினது, அப்புறம் ஒவ்வொரு தடவை வந்த நம்பர், கடைசில சராசரி. அலகைத் தலைப்புலயே எழுதுங்க, செகண்டா நிமிஷமான்னு பின்னாடி சண்டை வராது. சராசரி 14.233333னு கால்குலேட்டர் காட்டறதை அப்படியே எழுதாதீங்க, அளந்தது புள்ளிக்கு அப்புறம் ஒரு இலக்கம்னா சராசரிக்கும் ஒரு இலக்கம் போதும்.

கிராஃப்ல கீழ நீங்க மாத்தினது, நட்டக்குத்தலா நீங்க அளந்தது. வகைன்னா, அதாவது உப்புத் தண்ணி, சாதா தண்ணி மாதிரி, கம்பம் போடுங்க. அளவுன்னா, 25, 50, 100 சென்டிமீட்டர் மாதிரி, புள்ளி வைங்க. இங்க கம்ப்யூட்டர் ஏமாத்தும், லைன் சார்ட்டைத் தேர்ந்தெடுத்தா 25, 50, 100 மூணையும் சம இடைவெளில வச்சுடும், 50க்கும் 100க்கும் நடுவுல ரெண்டு மடங்கு தூரம் இருக்கணும்ல? ஸ்கேட்டர்னு இருக்குறதை எடுங்க. இல்லைன்னா கட்டம் போட்ட தாள்ல கையால போடுங்க, சின்னப் பிள்ளைங்களுக்கு அது தான் நல்லாப் புரியும்.

புள்ளி வச்சதும் ஸ்கேலை வச்சு நேர்கோடு இழுக்கற பழக்கம் எல்லாருக்கும் இருக்கு. பத்து ஆட்டத்துக்கு 25 சென்டிமீட்டர்ல 10 செகண்ட், 50ல 14, 100ல 20. நீளம் நாலு மடங்கு ஆனா நேரம் ரெண்டு மடங்கு தான், கோடு வளையும். வளையறதை வளைய விடுங்க.

10. முடிவு எழுதறது

"இதன் மூலம் நிரூபிக்கப்பட்டது"னு எழுத வேண்டாம். என்ன பார்த்தோம், கணிப்போட ஒத்துப் போச்சா, எதுல சந்தேகம், அடுத்த தடவை என்ன மாத்துவோம், நாலு வரி போதும். அளந்ததுக்கு மேல ஒரு அடி கூட தாண்டக் கூடாது. பத்து விதைல ஒரு பக்கம் 9, இன்னொரு பக்கம் 8 முளைச்சா அதை வித்தியாசம்னு சொல்ல முடியாது, தற்செயலாவே அப்படி வரும்.

தட்டுல தண்ணி ஊத்தி மெழுகுவர்த்தி வச்சு டம்ளரால மூடுற சோதனை ஞாபகம் இருக்கா? மெழுகுவர்த்தி அணையும், தண்ணி உள்ள ஏறும், "ஆக்சிஜன் தீர்ந்துச்சு, அந்த இடத்துக்குத் தண்ணி வந்துச்சு, காத்துல ஐந்துல ஒரு பங்கு ஆக்சிஜன்"னு முடிவு எழுதுவோம். நல்லா கவனிச்சுப் பாருங்க. தண்ணி எரியும்போது சீரா ஏறாது, அணையற நேரத்துல தான் வேகமா ஏறும். மூடின புதுசுல டம்ளர் விளிம்புல குமிழி வர்றதையும் சில நேரம் பார்க்கலாம். சூடான காத்து விரிஞ்சு இருந்துச்சு, அணைஞ்சதும் குளிர்ந்து சுருங்குது, தண்ணி ஏறினதுக்கு முக்கியமான காரணம் அது தான். ஆக்சிஜனும் முழுசா தீராது, கொஞ்சம் குறைஞ்சாலே மெழுகுவர்த்தி அணைஞ்சுரும். மெழுகுவர்த்தியை ரெண்டு மூணா கூட்டினா, டம்ளரும் ஆக்சிஜனும் அதே அளவு தான், ஆனா தண்ணி இன்னும் மேல ஏறும். ஆக்சிஜன் கதை சரின்னா அப்படி ஏறக் கூடாது. பெரியவங்க பக்கத்துல இருந்து பண்ணிப் பாருங்க.

11. போய் நிக்கற அன்னைக்கு

ஒரிஜினல் நோட்டை எடுத்துக்கிட்டுப் போங்க, போர்டு மட்டும் போதாது. முந்தின நாள் ராத்திரி மனப்பாடம் பண்ண வைக்காதீங்க, மூணு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்க: நீ எதை மாத்தின, எதையெல்லாம் மாத்தாம வச்ச, எது சொதப்புச்சு. மூணாவதுக்கு பிள்ளை நிறுத்தாமப் பேசினா தயார்னு அர்த்தம். என் பொண்ணு அந்த வாஷர் சங்கிலிக் கதையைத் தான் முதல்ல சொன்னா, கேட்டவங்க நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க. பேசும்போது நீங்க பக்கத்துல நிக்காதீங்க, உங்க மூஞ்சியைத் தான் பார்க்கும்.

அப்புறம், முடிஞ்சு வந்த உடனே ஸ்டாண்டைப் பிரிச்சுப் போட்டுடாதீங்க. நாங்க கதவு மேல கட்டின ஒரு மீட்டர் நூல் இன்னும் அங்கயே தொங்குது. எவ்ளோ தூரம் இழுத்து விட்டாலும் ஒரே நேரம் தான் ஆகும்னு பொண்ணு எங்கயோ படிச்சிருக்கா, ஒரு ஞாயித்துக்கிழமை அதை ரொம்பத் தூரம் இழுத்து, ஒரு 60 டிகிரில இருந்து விட்டா, பத்து ஆட்டத்துக்கு 20 செகண்ட் வரும்னு பார்த்தா அதை விட ஒரு செகண்டுக்கு மேல அதிகமா வந்துச்சு. "அப்பா, நான் தப்பா எண்ணிட்டேனா?"ன்னு கேட்டா. தெரியலம்மா, இன்னொரு தடவை விடுன்னு சொன்னேன். ஜீரோன்னு சத்தமா சொல்லிட்டு விட்டா.